மேற்படி ஒன்பது முறை

தன் நோயைக் குறைத்துச் சொன்ன இயந்திரம் ஒன்றைக்கூட அமராவதி தன் பதினாறு வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை. தண்ணீர்ப் பம்பு ஒரு தரம் இருமினால் காசநோய் என்றுதான் சேதி வரும். வடிகட்டியில் நாலு தூசி ஒட்டினால் மூச்சு நின்றுவிட்டது என்று அலறும். கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எல்லாம் அதைச் செய்து விற்றவர்களின் புத்தி. தன் சரக்கைத் தானே மட்டமாகப் பேசுகிற வியாபாரி எந்த ஊரில் இருக்கிறான்?

நிலாவின் தென்முனையில் வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பள்ளம். அதற்குள் பனிக்கட்டி வெட்டும் சுரங்கம். அங்கே இருந்த மனிதர்கள் பதினொரு பேர், கருவிகள் நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு கருவியும் தனக்கு நேர்ந்ததை ஒரே வரியில் எழுதி அனுப்பும். கட்டம் போட்ட படிவம்தான் அது: யார், எப்போது, என்ன நடந்தது, எவ்வளவு அவசரம். கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து கூடாது. அவசரத்துக்கு மட்டும் ஓர் எண், பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. பூஜ்யம் என்றால் உயிர் போகிறது. ஏழு என்றால் கொசு கடித்தது. பள்ளத்துக்கு மேலே கடந்துபோகும் துணைக்கோள் ஒன்றுதான் பூமிக்கு வழி, அதுவும் ஒற்றையடிப் பாதை. ஆகவே பூஜ்யமும் ஒன்றும் அந்தக் கணமே பறந்து வரும். ஆறும் ஏழும் மூட்டையாகக் கட்டப்பட்டு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கும்.

அந்த மூட்டை வந்து இறங்கும் இடம் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. எந்தச் சேதிக்கு எந்த எண் என்று முடிவு செய்கிறவள் அமராவதி. முடிவு செய்வது என்பது மரியாதையான வார்த்தை. செய்ததெல்லாம் பேரம்.

"இது கண்டிப்பா ஒண்ணுங்க மேடம்," என்பார் பம்புக் கம்பெனிக்காரர்.

"அஞ்சு."

"அஞ்சா! மனசாட்சியே இல்லீங்களா? கொழாய்ல ஐஸ் கட்டுனா ஆளுக குடிக்கத் தண்ணியில்லாம செத்துப்போவாங்க."

"ஐஸ் சொரங்கத்துல ஐஸ் கட்டுதுன்னு சொல்றீங்க. அத ஒரு சேதின்னு வேற சொல்றீங்க. சேரி, உங்க மொகத்துக்காக நாலு. எந்திரிச்சுப் போங்க."

அவர் எழுந்து போவார், திட்டிக்கொண்டே. ஆனால் வெளியே போனதும் சிரிப்பார். அவர் மனதில் வைத்திருந்ததும் நாலுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வித்தை எந்தக் கல்லூரியிலும் கிடைத்ததல்ல. அவள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேசுவது கிடையாது. இரண்டு கைகளின் மேலும் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் எதிராளியின் விரலைத் தொட்டு விலை சொல்ல வேண்டும். இரண்டு விரல் என்றால் இரண்டு, மூன்று என்றால் மூன்று. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையக்கூடாது. விலை படிந்துவிட்டால் ஐந்து விரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி விழுந்துவிட்டால் கதை முடிந்தது. மாடு வீட்டுக்குப் போய் உதைத்தாலும், வழியிலேயே படுத்துக்கொண்டாலும், ஏமாந்தேன் என்று ஒருவரை ஒருவர் குறைசொல்லக்கூடாது. சந்தையில் இந்தச் சட்டத்தை மீறியவனிடம் அடுத்த வாரம் யாரும் துண்டு விரிக்கமாட்டார்கள்.

அதே சந்தைப் பள்ளியில் படித்த இன்னொருவன் அவளுடைய தம்பி சென்னியப்பன். ஏழு வயது இளையவன். நிலாச் சுரங்கத்தில் கம்பி இழுக்கிற வேலை. பதினாலு மாதமாக அங்கேதான் இருந்தான். வாரம் ஒரு தரம் முகம் பார்த்துப் பேச அனுமதி உண்டு. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்தவன் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அக்கா, இந்த நாலாம் அறை வயரு நெம்ப ரவுசு பண்ணுதுக்கா. அறுந்தேங்குது, சேந்தேங்குது, மறுக்கா அறுந்தேங்குது. நேத்து ஒரு நாள்ல முந்நூத்திப் பன்னெண்டு தடவை. அத்தனைக்கும் எங்க ஸ்க்ரீன்ல மணியடிக்குது. ஒருத்தனும் தூங்கல. என்னையத்தான் மொறைக்கறானுக."

"வயர மாத்து."

"மாத்து வயரு அடுத்த கப்பல்லதான் வருது. கார்த்திக ஆயிரும். அதுவரைக்கும் அந்தச் சேதிய ஏழாக்கி உடு. இப்ப மூணுல கெடக்குது."

நாலாம் அறை என்பது தளத்திலிருந்து நாற்பது நிமிஷ வண்டிப் பயணத்தில், பனிப்பாறைக்குக் கீழே இருந்த ஒரு பெட்டி அறை. கம்பிகள் ஒன்றுகூடுகிற இடம். ஆள் புழக்கம் இல்லை.

"அஞ்சுக்குத் தர்றேன்," என்றாள் அமராவதி.

"அக்காவாட்டப் பேசு, ஆப்பீசராட்டப் பேசாத. ஏழு."

"அக்காவாப் பேசுனா மூணுலயே கெடக்கட்டும்பேன். அறுந்தா எனக்குத் தெரியோணுமல்லொ?"

அவன் ஒரு துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டுக் கேமராவின் முன் நீட்டினான். அவளும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேசை துடைக்கும் துணியைத் தன் கைமேல் போட்டுத் திரைக்கு நேரே நீட்டினாள்.

"என்றா இது? துணிக்குள்ள எத்தன வெரலுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதான் வாயில சொல்றனே, ஏழுன்னு." சிரிப்பு அங்கிருந்து வர இரண்டரை நொடி ஆயிற்று. அதற்குள் அவள் சிரித்து முடித்திருந்தாள்.

கடைசியில், தளத்தில் மணி அடிக்காத ஆறில் படிந்தது. அதோடு இன்னொரு விதியும் கேட்டு வாங்கிக்கொண்டான்: அறுந்தது என்று எத்தனை தரம் வந்தாலும் கூட்டி ஒரே வரியாகப் போட வேண்டும், 'மேற்படி இத்தனை முறை' என்று. நடுவில் அரைமணி நேரம் கம்பி சும்மா இருந்தால்தான் அடுத்த வரி. அவள் வாழ்க்கையில் பேரம் பேசி வேண்டுமென்றே தோற்றது தம்பியிடம் மட்டும்தான். அன்றும் தோற்றாள். திரை அணைவதற்கு முன் அவன் எப்போதும் போல ஓர் எழுத்தும் இல்லாமல் எண் ஒன்றை மட்டும் தட்டி அனுப்பினான்: 5. ஐந்து விரலும் பிடித்தாயிற்று, இனி பேச்சில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி மூட்டையை அமராவதி பிரித்தாள். தயிர்சாதம் சாப்பிட்டுக் கழுவிய கையில் ஈரம் இன்னும் காயவில்லை. எழுநூறு வரிகளுக்கு நடுவே நாலாம் அறை இருந்தது.

இணைப்பு அறுந்தது, மேற்படி 9 முறை.

இணைப்பு அறுந்தது, மேற்படி 8 முறை.

பிறகு 7. பிறகு 6. பிறகு 5. மணிக்கு ஒரு வரி.

முந்நூறு நானூறு என்று ஆடிக்கொண்டிருந்த கழுதை இன்றைக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். சென்னியப்பன் இரண்டு நாள் வேலையாக அந்த அறைக்குத்தான் போயிருக்கிறான் என்பதும் ஞாபகம் வந்தது. ஏதோ ஒட்டுப்போட்டு அடக்கிவிட்டான், கெட்டிக்காரன். அன்றைய குறிப்பில் எழுதினாள்: 'நாலாம் அறைக் கம்பி. ஆட்டம் படிப்படியாகக் குறைகிறது. தானாகச் சரியாகி வருகிறது. கவனிக்கத் தேவையில்லை.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து, இரவு பத்து மணி மூட்டையின் மிச்சத்தைப் பார்த்தாள். 4, 3, 2, 1. அதற்கப்புறம் ஐந்தே முக்கால் மணிக்கு, எதிலும் சேராமல், ஒரு 5. அவ்வளவுதான், பிறகு கம்பி ஆடவே இல்லை. 'கடைசியாக ஒருமுறை ஆடி அடங்கிவிட்டது. முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினாள்.

பதினொரு மணிக்குப் பிரிவுத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். அவள் தம்பியின் பெயரைச் சொன்னார்.

நேற்றுக் காலை நாலாம் அறைமேல் பாறை சரிந்திருக்கிறது. அறையின் அலைக்கம்பம் நசுங்கிவிட்டது. அந்தக் கம்பம் மாதத்தில் பாதி நாள் செத்துக்கிடப்பதுதான் என்பதால் அதன் சேதியையும் யாரும் மதிக்கவில்லை. கதவு திறக்கவில்லை. அவன் கைப்பேசிக் கருவி பாறைக்கடியில். இரண்டு நாள் வேலை என்று போனவனை யாரும் தேடவில்லை. இன்று காலையில் உதிரிச் சாமான் கொண்டுபோனவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

"ஒடனே உசுரு போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா. உள்ள அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்திருக்குது. ஒம்பது மணி நேரத்துக்குக் காத்து." அவர் தரையைப் பார்த்தார். "கையில அந்த வயரப் புடிச்சுட்டே இருந்தாருன்னு சொல்றாங்க."

ஒன்பது என்ற சொல் காதில் விழுந்தபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

எத்தனை வேகமாகக் கம்பியைப் பிடுங்கிச் செருகினாலும் பூமிக்குப் போவது எண்ணிக்கை மட்டுமே என்று அவனுக்குத் தெரியும். கேட்டு வாங்கிய விதி அல்லவா? முந்நூறு தரம் ஆட்டினால் பழைய கழுதைதான் என்று விட்டுவிடுவார்கள் என்பதும் தெரியும். அந்த ஓட்டையில் நுழைவது ஓர் எண் மட்டும். சரி, அந்த எண்ணையே ஒழுங்காகச் சொல்வோம் என்று நினைத்திருக்கிறான். மிச்சமிருக்கும் காற்று, மணிக்கணக்கில். ஒன்பது. எட்டு. ஏழு. வேறு யார் பார்க்காவிட்டாலும் இரண்டு மணி மூட்டையை அக்கா பிரிப்பாள், இறங்குகிற எண் அவள் கண்ணில் படாமல் போகாது.

பட்டது. அவள் அந்த மூட்டையைப் பிரித்தபோது அவனுக்கு நாலு மணி நேரக் காற்று மிச்சமிருந்தது. நாற்பது நிமிஷப் பயணம். விலை இறங்கினால் நல்லது என்று பழகிய கண் அதைப் பார்த்துச் சிரித்தது.

பதினாறாம் நாள் காரியம் உடல் இல்லாமலே நடந்தது. மாற்றுக் கம்பியைக் கொண்டுபோகும் கப்பல்தான் திரும்பும்போது அவனைக் கொண்டுவரும். காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஜெயசீலன் வந்தார். விபத்து விசாரணை அவர் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, அவசரமே இல்லாத பேச்சு. அறைக்குள் வந்ததும் முதலில் டீ வரவழைத்தார். அவள் குடிக்கும் வரை காத்திருந்தார். பிறகுதான் காகிதத்தை எடுத்தார். நல்ல வியாபாரி என்று அமராவதி மனதில் குறித்துக்கொண்டாள்.

"அறிக்கை தயாரா இருக்கும்மா. சேதிப் பதிவப் பொறுத்தமட்டுக்கும் நீங்க ஒரு கையெழுத்து போடணும். நாலாம் அறை வரியெல்லாம் கம்பிக் கோளாறு, நிலை ஆறு. அதான் எழுதியிருக்கு."

"ஒம்பது வரிங்க. ஒம்பதும் பூஜ்யம்."

"பூஜ்யம்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ஆள் கூப்பிடுது, உசுரு போகுதுன்னு அர்த்தம். கூப்பிட்டான். கூப்பிடாமயே செத்துப்போனான்னு எழுதாதீங்க."

ஜெயசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். கூப்பிட்டார்னு எழுதுனா, யாரு காதுல விழுந்துச்சுன்னு அடுத்த வரி எழுதணும்லா? ஒங்க குறிப்பு இருக்கு. 'தானாகச் சரியாகி வருகிறது.' அது அச்சுல வரும். காலத்துக்கும் நிக்கும்."

"நிக்கட்டுங்க."

"சரி, அது போவட்டும். அந்தச் சேதிய ஆறுக்கு எறக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டது யாரு? ஒங்க தம்பி. அவரே கேட்டு வாங்குன ஆறு. அப்படி எழுதுனா ஒங்க தலை தப்பிரும். அதுவும் நான் எழுதத் தயார்தான்."

"அவன் கேட்டான். குடுத்தது நானு. விக்கறவ சம்மதிக்காம வெல எறங்காதுங்க."

இந்தப் பேரத்துக்கு உள்ளே இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். பூஜ்யம் என்று பதிவானால், சட்டப்படி அந்த 'மேற்படி' விதியை நிலாவில் உள்ள எல்லாச் சுரங்கங்களிலும் எடுத்துவிட வேண்டும். பெருகும் சேதிக்குத் துணைக்கோள் இன்னொன்று வேண்டியிருக்கும். ஆறு என்றால் எதுவும் மாற வேண்டியதில்லை. பத்துச் சுரங்கங்களில் கம்பி பிடிக்கிற ஆட்கள் இன்றைக்கும் அந்த விதிக்கு அடியில்தான் தூங்குகிறார்கள்.

"நாலு," என்றார் ஜெயசீலன்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். "பூஜ்யம்."

"மூணு. எனக்கு மேல அதிகாரம் கெடையாது."

"மூணுன்னா அது வயரோட நோவு. மனுசனோட நோவு பூஜ்யத்துலதான் இருக்குது."

ஜெயசீலன் டீக் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். கடைசியாக எடுக்க வைத்திருந்ததை எடுத்தார். காகிதத்தைத் திருப்பி, ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப இதச் சொல்லுங்க. ஒம்பதுலருந்து ஒண்ணு வரைக்கும் எறங்கிருக்கு. மனுசன் எண்ணுனதுன்னே வைப்போம். ஒண்ணுக்கு அப்புறம் இந்த அஞ்சு எப்படி வந்துச்சு? காத்து ஏறுமா? எண்ணத் தெரிஞ்சவன் இப்படி எண்ணுவானா? இந்த ஒரு வரி போதும்மா, மொத்தமும் கோளாறுன்னு நான் நிரூபிச்சிருவேன்."

அமராவதி அந்த எண்ணைப் பார்த்தாள்.

பதினெட்டு நாளாக ஒன்பது வரிகளை மட்டுமே அவள் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். பத்தாவதைப் பார்க்கவே இல்லை. ஐந்தே முக்கால் மணி. காற்று முடியக் கால்மணி நேரம். யாரும் வரப்போவதில்லை என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்துபோன நேரம். அக்கா பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிந்துபோன நேரம். அப்போது உட்கார்ந்து, நிதானமாக, ஐந்து முறை பிடுங்கிச் செருகியிருக்கிறான்.

மேசைக்கு அடியில் அவளுடைய வலது கை முந்தானைக்குள் போயிற்று. ஏன் போயிற்று என்று அவளுக்கே தெரியாது. விரல்கள் மடங்கி இறுகின.

சொல்லலாம். துண்டைப் பற்றி, பிடியைப் பற்றி, குறைசொல்லக்கூடாது என்ற சட்டத்தைப் பற்றி இந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம். அவர் எழுதிக்கொள்வார். பிற்சேர்க்கையாக ஒரு பக்கம் போடுவார்கள். நிபுணர் ஒருவர் வந்து, இறக்கும் தறுவாயில் தம்பி அக்காவை மன்னித்தான் என்பதற்கு ஆதாரம் போதாது என்று கருத்துச் சொல்வார்.

எதிராளி வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது ஒன்று கையில் இல்லாவிட்டால் பேரம் முடியாது. அதுவும் அவளுக்குத் தெரியும். எந்த மாடு வேண்டுமோ அதன் பக்கம் திரும்பக்கூடாது என்பதும் தெரியும். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த அஞ்சு கோளாறுதானுங்க. நான் சண்டைக்கு வரல. ஆளு மயங்கிட்டான், கையில வயரு, கை நடுங்கியிருக்கும். எப்பிடி வேணா எழுதிக்குங்க. மொத ஒம்பதும் மணி அடிச்சாப்ல மணிக்கொண்ணு வந்திருக்குது. கோளாறு கடியாரம் பாக்காதுங்க. உங்க கோர்ட்டுலயே கேளுங்க."

ஜெயசீலன் அவளைப் பார்த்தார். ஒன்று கொடுத்து ஒன்று கேட்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. கொடுத்தது எது என்பது புரியவில்லை.

"ஒங்க பேரு வரும்மா," என்றார் மெதுவாக. "வேலை போவும். அதுக்கு மேலயும் போவலாம்."

"சேரிங்க."

அவர் பேனாவை எடுத்து, ஒன்பது வரிகளின் எதிரே ஆறை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதினார். ஒவ்வொன்றாக, ஒன்பது முறை. பத்தாவதில் பேனா நின்றது.

"இதுக்கு என்ன போட? கோளாறுன்னா ஏழு. ஏழு போட்டா முப்பதாம் நாள் தானா அழிஞ்சிரும். மூலப் பிரதிகூட மிஞ்சாது. அப்புறம் வந்து கேக்கக்கூடாது, பாத்துக்கிடுங்க."

"தெரியுங்க. அந்த விதியும் நான் எழுதுனதுதான். ஏழு போடுங்க. அது வேற யாருக்கும் போகவேண்டியதில்ல."

அவர் எழுதினார். கையெழுத்துக்குக் காகிதத்தை நகர்த்தினார். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டதை அவர் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகத் தன் வலது கையை அவள் முன் நீட்டினார்.

அமராவதி தலையை மட்டும் அசைத்தாள். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவில்லை.